வெள்ளவத்தையில பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு 612 யூனிட்: மீற்றர் பிழையா?

ஸ்காபரோவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில இருக்கிறன். அம்மாவின்ர வீடு கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதிக்குக் கடற்பக்கமா ஒரு ஒழுங்கைக்குள்ள. உறுதி என்ர பேரில. கரண்ட் கணக்கு மட்டும் இன்னும் காலமான அப்பாவின்ர பேரில கிடக்கு.

வீட்டில ஒருத்தரும் இல்லை. தெஹிவளையில இருக்கிற சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில வந்து ஜன்னல் திறந்து, முத்தம் கூட்டுவிச்சு, சாமிக்கு விளக்கு வைச்சிட்டுப் போவார். ஓடுறது ஒரு பிரிட்ஜ் மட்டும்தான், அதுவும் அவருக்குக் குளிர்தண்ணி வேணும் எண்டதுக்காக. மாசாமாசம் 38 யூனிட் வந்துகொண்டிருந்தது. நான் இங்கயிருந்து கார்டில கட்டிப்போட்டு மறந்திடுவன். இந்த முறை 612 யூனிட்! தொகையைப் பார்த்திட்டு சித்தப்பாவுக்கு போன் எடுத்தா, "பிள்ளை, மீற்றர் பைத்தியம் பிடிச்சு ஓடுது" எண்டுறார். ஒழுங்கையில ஆரோ ஒருத்தர், காசு தந்தா மீற்றரைத் "திருத்தி" விடுறன் எண்டும் சொன்னவராம்.

மீற்றரை மாத்தச் சொல்லி எழுதிக் கேக்கவோ? நான் அங்க இல்லாம இதை எப்பிடிச் செய்யிறது?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, 2025 ஜூனில கரண்ட் விலை 15 வீதம் கூட்டினவங்கள்தானே. எல்லா வீட்டிலயும் இந்தக் கதைதான்.

பழைய வயர்மன்:
தம்பி, விலை கூடினா ரூபாய் கூடும், யூனிட் எப்பிடிக் கூடும்? அதே வருசம் ஜனவரியில 20 வீதம் குறைச்சதும்தான். அதை ஒருத்தரும் ஞாபகம் வைச்சிருக்கிறேல்லை. பில்லில முதல் பார்க்க வேண்டியது யூனிட். காசு பிறகு.

தங்கச்சி, முதல் ஒண்டு. அந்தத் "திருத்துறன்" எண்ட ஆளை கேற்றுக்குள்ள விடவேண்டாம். மீற்றரில ஈய முத்திரை இருக்கும். அதில கை வைச்சது தெரிஞ்சா, ஆர் வைச்சதெண்டு கேக்கமாட்டினம், கணக்கு ஆற்ற பேரிலயோ அந்த வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேணும். வெளிநாட்டில இருக்கிறன் எண்டதெல்லாம் எடுபடாது.

இப்ப உங்கட பில்லுக்கு வருவம். ஆளில்லாத வீட்டில எத்தினை மாசமா சரியா 38, 38, 38 எண்டு வந்திருக்கு? பிரிட்ஜ் எண்டாலும் வெயில் மாசத்தில ரெண்டு கூடும், மழை மாசத்தில ரெண்டு குறையும். ஒரே எண் வரிசையா வந்தா அது பார்த்த கணக்கில்லை, கணிச்ச கணக்கு. உங்கட கேற் பூட்டு, மீற்றர் உள்ளுக்கு, என்ன? வாசிக்க வந்தவர் மதிலுக்கு வெளியில நிண்டு எதைப் பார்க்கிறது? பழைய சராசரியைப் போட்டிட்டுப் போயிருப்பார். ஒருநாள் கேற் திறந்திருக்க உண்மை எண் ஏறியிருக்கும். அண்டைக்கு எல்லாம் சேர்ந்து உங்கட தலையில விழுந்திருக்கு.

பழைய பில்லுகளை எடுத்து வைச்சு முந்தின வாசிப்பு, இப்பத்தைய வாசிப்பு, ரெண்டு திகதி எல்லாத்தையும் இங்க போடுங்கோ. சித்தப்பாவிட்டச் சொல்லி மீற்றர் கண்ணாடியை போட்டோ எடுப்பியுங்கோ. அடுத்தநாள் அதே நேரத்துக்கு இன்னொண்டு.

ஸ்காபரோவாசி:
நன்றி அண்ணை. நாலு மாசம் வரிசையா 38 தான்! நான் கவனிக்கவே இல்லை. இந்தப் பில்: முந்தினது 17840, இப்ப 18452, 31 நாள். சித்தப்பாவின்ர போட்டோ: முதல் நாள் 18611, அடுத்தநாள் 18616.

பழைய வயர்மன்:
வடிவாப் போட்டிருக்கிறியள். இப்ப பாருங்கோ.

நாலு மாசத்துக்கு 38 படி 152, இந்த மாசம் 612. மொத்தம் 764. அஞ்சால பிரிச்சா மாசத்துக்கு 153 யூனிட் அளவில, நாளுக்கு அஞ்சு. போட்டோவில என்ன? நாளுக்கு அஞ்சு. கணக்கு ஒண்டோட ஒண்டு பொருந்துது. மீற்றர் பைத்தியமா ஓடினா இப்பிடிப் பொருந்தாது. என்ர கணிப்பு, மீற்றர் சுகமா இருக்கு.

ஆனா பில் பிழை. வீட்டுக் கட்டணம் படிப்படியா ஏறுறது. மாசம் 60 யூனிட்டைத் தாண்டின வீட்டுக்கு: 60 வரைக்கும் ஒரு விலை, பிறகு 90, 120, 180, அதுக்கு மேல எல்லாத்திலயும் கூடின விலை. நிலையான கட்டணமும் அதோட சேர்ந்து ஏறும். இந்தப் படியள் 30 நாளுக்கு அளந்தது. நாள் கூடினா படியும் அதுக்கேற்ற மாதிரி விரியும். உங்கட 612 ஐ 31 நாளுக்குள்ள அடைச்சா 400 யூனிட்டுக்கு மேல கடைசி விலையில போகும். அதையே அஞ்சு மாசத்துக்குப் பரவினா 180 ஐ ஒரு மாசமும் தாண்டாது. ஆக உங்கட சண்டை மீற்றரோட இல்லை, நாள் கணக்கோட. பில்லுகளின்ர பிரதியளை இணைச்சு, "நாலு மாசம் கணிப்பு வாசிப்பு, உண்மையா வாசிச்ச திகதிகளுக்கு நாட்களைப் பிரிச்சு மறுபடி கணிச்சுத் தாங்கோ" எண்டு மின்சார அலுவலகத்தில எழுத்தில குடுப்பியுங்கோ. பத்து இலக்கக் கணக்கு எண்ணை மறக்காமப் போடுங்கோ. போனில முறைப்பாடு சொல்ல 1987 எண்ட இலக்கம் இருக்கு, ஆனா கடிதத்தைக் கையில குடுத்து, திகதி போட்ட பிரதியை வாங்கி வைச்சாத்தான் பிறகு கதைக்கலாம். அதுக்கு மேலயும் சரிவராட்டி பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கு, முறைப்பாட்டை அங்க கொண்டுபோகலாம்.

இனி மற்றது. பிரிட்ஜ் நாளுக்கு ஒண்டேகால் யூனிட் எடுக்கட்டும். மிச்சத்தை ஆர் எடுக்கிறது?

சித்தப்பா மெயின் சுவிட்சை இறக்கட்டும். மீற்றரில ஒரு சின்னச் சிவப்பு லைட் மின்னும், அது நிக்குதோ பார்க்கட்டும். நிண்டா, கரண்ட் போறது வீட்டுக்குள்ளதான். பிறகு மெயினை ஏத்தி, உள்ளுக்கு இருக்கிற சின்னச் சுவிட்சுகளை ஒவ்வொண்டா இறக்க வேணும். எதை இறக்கேக்க மின்னல் தளருதோ அதுதான் ஆள். மீற்றரிலயும் சந்தேகம் எண்டா, எல்லாத்தையும் நிப்பாட்டி 2000 வாட் கேத்தல் ஒண்டை மட்டும் போடுங்கோ. மீற்றர் முகத்தில 1600 இம்ப் (ஒரு யூனிட்டுக்கு 1600 மின்னல்) எண்டு போட்டிருந்தா நிமிசத்துக்கு 53 தரம் அளவில மின்ன வேணும். 1000 எண்டிருந்தா 33. கேத்தலில தண்ணி விட்டிட்டுப் போடச் சொல்லுங்கோ, சித்தப்பாமாரை நம்பேலாது.

ஓ, தண்ணி பில்லையும் ஒருக்காப் பாருங்கோ.

லண்டன் பம்பலப்பிட்டி:
இடையில புகுந்து சொல்கிறேன், மன்னிக்கவும். பில்லில் யூனிட்டோடு கட்டண வகையையும் பாருங்கள். என்னுடையது பம்பலப்பிட்டியில் ஒரு ஃபிளாட். கட்டினவர் கட்டுமானத்துக்கு எடுத்த இணைப்பை அப்படியே எனக்குக் கைமாற்றிவிட்டார். வீட்டு வகையான டி-1 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜிபி-1. அது கடை, அலுவலகங்களுக்கான பொதுத்தேவை வகை. குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விலையில் கட்டிக்கொண்டே இருந்தேன். ஃபிளாட்காரருக்கு இன்னொரு தலையிடி: லிஃப்ட், மாடிப்படி லைட், ஜெனரேட்டர் எல்லாம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் வரும், மீற்றரில் தெரியாது. அந்தக் கணக்கை முகாமைத்துவக் குழுவிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். காலமானவர் பெயரில் இருக்கும் கணக்கில் எதையாவது திருத்தப் போனால் முதலில் கேட்பது "நீங்கள் யார்?" என்பதைத்தான். உறுதிப் பிரதி, அடையாள அட்டையோடு, உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கச் சித்தப்பாவுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தால் அலைச்சல் குறையும். நான் அப்படித்தான் செய்தேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
ஆளில்லாத வீடுதானே, இணைப்பை வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தா முடிஞ்சுது.

பழைய வயர்மன்:
வெட்டுறது லேசு தம்பி. திரும்ப எடுக்கேக்க வயரிங் சோதனை, விண்ணப்பம், கட்டணம் எண்டு முதலில இருந்து தொடங்க வேணும். பூட்டின வீட்டுக்கு நிலையான கட்டணத்தைக் கட்டிக்கொண்டு கிடக்கலாம்.

ஸ்காபரோவாசி:
அண்ணை, ஆள் பிடிபட்டிட்டுது! மெயினை இறக்கினதும் லைட் நிண்டுது. பிறகு ஒவ்வொண்டா இறக்கினதில ரெண்டு சுவிட்ச். ஒண்டு மேல்மாடிக் குளியலறைக் கீசர். கலியாணத்துக்கெண்டு யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிண்ட சொந்தக்காரர் போட்டது, போட்டபடி எரிஞ்சுகொண்டிருக்கு. சுவிட்ச் கதவுக்குப் பின்னால, கறுப்புத் துவாயொண்டு தொங்கி அதை மறைச்சுக்கொண்டு இருந்ததாம். கலியாணம் நடந்து அஞ்சு மாசம். ஆரெண்டு கேக்க ஏலாது, மாமி வழிச் சனம்.

மற்றது தண்ணி மோட்டர். நீங்கள் ஏன் தண்ணி பில்லைக் கேட்டனீங்கள் எண்டு அப்பத்தான் விளங்கினது, அதுவும் கூடித்தான் இருக்கு. அதே குளியலறைக் கொமட் தொட்டியில மிதவை இறுகி, நிரம்பினாலும் தண்ணி மூடுப்படாம உள்ளுக்குள்ளால வழிஞ்சுகொண்டே இருக்கு. கூரைத் தாங்கி இறங்க இறங்க, கீழ் தொட்டியில இருந்து மோட்டர் தன்ர பாட்டில ஏத்திக்கொண்டு கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டுப் போற சித்தப்பாவுக்கு அந்தச் சத்தம் பக்கத்து வீட்டு மோட்டராம்.

மிதவை மாத்தியாச்சு. கடிதம் குடுத்து, திகதி போட்ட பிரதியும் வாங்கியாச்சு, பதில் வரேல்லை. இனி வீட்டை எப்பிடி விடுறது?

பழைய வயர்மன்:
கீசர், மோட்டர், குளியலறைப் பிளக்குகள் எல்லாத்தின்ர சுவிட்சும் கீழ இருக்கட்டும். சித்தப்பா வரேக்க மோட்டரை மட்டும் ஏத்தி, தாங்கி நிரம்பினதும் இறக்கட்டும். பதில் வரும்வரைக்கும் பில்லை அப்பிடியே கட்டாம விடவேண்டாம், சிவப்பு பில் வந்து ஆள் வந்து வெட்டிப்போட்டா பிறகு இணைக்கிற காசும் உங்கட தலையில. வழமையான அளவுக்கு ஒரு தொகையைக் கட்டி, மிச்சத்துக்கு முறைப்பாடு இருக்கெண்டு அலுவலகத்தில சொல்லி வையுங்கோ.

மீற்றரை ரோட்டுப் பக்க மதிலுக்கு, கண்ணாடி வைச்ச பெட்டிக்குள்ள மாத்தித் தரச் சொல்லி விண்ணப்பியுங்கோ. செலவு உங்கட, ஆனா கேற் பூட்டிக் கிடந்தாலும் வாசிக்கலாம். அதுவரைக்கும் ஒவ்வொரு மாசமும் பில் வாற கிழமையில ஒரு போட்டோ.

பிரிட்ஜை நிப்பாட்டிறதெண்டா ஒழுங்காத் துடைச்சு, கதவை ஒரு சாண் திறந்து விடச் சொல்லுங்கோ, இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிச்சு மணக்கும். சித்தப்பாவுக்கு ஒழுங்கை முகப்புக் கடையில குளிர்தண்ணி வாங்கலாம்.