கண்மாயில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது, குத்தகைக்காரருக்கு முறை உண்டா?

கடைமடைக்காரி:
முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்குள் என்பதால் ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். இரண்டு மடை, நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிய ஒரு கலுங்கு. கடைமடையில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, ஒரு ஏக்கர் நெல்லும் அரை ஏக்கர் குண்டு மிளகாயும் போட்டிருக்கிறேன். புரட்டாசியில் புழுதியில் விதைத்தது. ஐப்பசி மழை கொடுத்தது, கார்த்திகை கைவிட்டது. இப்போது மார்கழி பாதி. நெல் கதிர் வெளிவரும் முன் பொதி கட்டி நிற்கிறது. இந்த நேரத்தில் காய்ந்தால் கதிரில் பதர்தான் மிஞ்சும்.

போன ஞாயிறு ஊர்க்கூட்டத்தில், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் தண்ணீர் பாய்ச்ச முறை என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்களைப் போல் குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் உழுபவர்கள் பதினோரு வீடு. அதில் ஏழு வீட்டில் பெண்கள்தான் வெள்ளாமை பார்க்கிறோம். ஆடியில் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றார்கள். நானும் மகளும் இரண்டு நாள் மண் சுமந்தோம். அன்றைக்கு யாரும் பட்டா கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற ஊர்களில் எப்படிப் பிரிக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்தில் நான் என்ன பேசுவது?

பழைய ஓவர்சீயர்:
அம்மா, கோபத்தோடு கணக்கையும் கொண்டு போங்கள். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். வாய்க்காலில் குடிப்பது தனி. கண்மாயில் இருப்பதைக் குத்துமதிப்பாக அளந்து, எத்தனை ஏக்கருக்கு எத்தனை தண்ணீர் என்று போட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரு தண்ணீர், அதாவது ஒரு தடவைப் பாய்ச்சல், வருமா, பாதிப் பேருக்கு இரண்டு தண்ணீரா என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். ஒருவர் வயலில் இரண்டாம் தண்ணீர் தேங்கும்போது இன்னொருவர் பொதிப்பயிர் முதல் தண்ணீர் இல்லாமல் காய்வதை எந்தக் கூட்டத்திலும் நியாயம் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. தண்ணீர் குறைந்தால், பாய்ச்சுவதற்கென்று ஊர் வைத்த ஆளான நீர்பாய்ச்சி தவிர யாரும் மடையைத் தொடக்கூடாது என்பது நம் பக்கத்துப் பழைய கட்டுப்பாடு. அவர் பாய்ச்சியது வயலுக்கு. வயலில் நிற்பவர் சொந்தக்காரரா குத்தகைக்காரரா என்று அவர் பார்த்ததில்லை. உங்கள் நிலத்துக்கு முறை உண்டு, அதை உழுபவர் வாங்கிக்கொள்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் நிலத்துக்காரரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

கண்மாயை ஆழப்படுத்துவோம் என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு எச்சரிக்கை: ஒரு ஏக்கரில் ஓரடி வண்டல் எடுத்தால் 12 லட்சம் லிட்டர் கூடுதலாக நிற்கும், உண்மைதான். ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு வராது. ஆடுமாடு குடிக்கும், பாசனத்துக்கு இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். இன்ஜின் வைத்திருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மேட்டுநிலம்:
அக்கா, மகாராஷ்டிராவில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு புணே மாவட்டம் புரந்தர் தாலுகாவில் விலாஸ்ராவ் சாளுங்கே என்பவர் பாணி பஞ்சாயத்து என்று ஒன்று தொடங்கினார். அதன் விதிப்படி நில அளவுக்குத் தண்ணீர் கிடையாது. குடும்பத்தில் எத்தனை தலையோ அத்தனை பங்கு: தலைக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர். நிலமில்லாதவர்களுக்கும் பங்கு உண்டு. கரும்பு போடக்கூடாது. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை அதோடு சேர்ந்து போகாது.

இதை அப்படியே நம் கண்மாய்க்குக் கொண்டுவர முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே புதிதாக, மேட்டுக்குத் தண்ணீரை இறைத்து ஏற்றும் ஏற்றுப்பாசனம் அமைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதனால் புது விதி எழுத முடிந்தது. நம் ஊரில் ஒவ்வொரு மடைக்கும் தாத்தா காலத்து உரிமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே மகாராஷ்டிராவில் ஹிவரே பஜார் என்ற ஊர் செய்வதை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வருடமும் பெய்த மழையை அளந்து, குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று ஊரே உட்கார்ந்து முடிவு செய்கிறது. நீங்களும் மார்கழி வரை காத்திருக்காமல் கார்த்திகை முதல் வாரத்திலேயே கூட்டம் போட வையுங்கள்.

ஊரணிக்கரை:
பரமக்குடி பக்கம் எங்களுக்கும் இதே சண்டை இருந்தது. இப்போது விதைப்பு முடிந்ததும் இரண்டு பேர் வயல் வயலாக நடந்து யார் வெள்ளாமை செய்கிறார் என்று எழுதுகிறார்கள். முறைப்பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது. எழுதப் போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தோம், நடந்தது. ஒரு முறை தலைமடையில் ஆரம்பித்தால் மறுமுறை கடைமடையில். மிளகாய்க்கு மடைத் தண்ணீர் கேட்காதீர்கள், நெல்லுக்கு மட்டும் கேளுங்கள். மிளகாய்க்கு நாங்கள் ஊரணியிலிருந்து குடத்தில்தான் ஊற்றுகிறோம். இடுப்பு ஒடியும், ஆனாலும் செடி பிழைக்கும்.

கடைமடைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. கூட்டம் முடிந்துவிட்டது. ஓவர்சீயர் ஐயா, நிலத்துக்காரர் எழுதித்தர மறுத்துவிட்டார். எழுதிக்கொடுத்தால் குத்தகை உரிமை கேட்பேனோ என்று பயப்படுகிறார். ஆனால் கூட்டம் நடக்கும்போதே போனில் பேசினார், ஸ்பீக்கரில் போட்டோம். பதினோரு வீட்டுக்கும் நெல்லுக்கு ஒரு தண்ணீர் என்று ஒத்துக்கொண்டார்கள். தலைமடைக்காரர் ஒருவரே எழுந்து, இரண்டாம் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறேன் என்றார். அவர் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. உழுபவர் பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்தேன், அடுத்த ஆடியில் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். ஆடியில் மண்வெட்டி எடுக்கும் முன் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

இன்று இரவு பதினொரு மணிக்கு எங்கள் முறை. வாய்க்காலில் மூன்று இடத்தில் கரை கசிகிறது. மகளும் நானும் சாக்கில் மண் கட்டி வைத்திருக்கிறோம்.