பின்னாடி எத்தனை பல்லு? ஜிம், ஓட்டம், நீச்சலோடு ரோடு சைக்கிளும் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

ரோடு சைக்கிளோடு ஜிம்முக்கும் போகிறவர்கள், ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

சைக்கிள் வாங்கி இரண்டாவது வருடம். எடையைக் குறைத்தால் மேடு தானாக ஏறிவிடும் என்று நம்பி கார்பன் சக்கரம் மாட்டினேன். பழையதைவிட 400 கிராம் குறைவு. நான், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 84 கிலோ. வாங்குவதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கை வாங்கிய பிறகு போட்டுப் பார்த்தேன். அரை சதவீதம்கூட வரவில்லை. அரை மணி நேர ஏற்றத்தில் எட்டு, ஒன்பது விநாடி மிச்சம், அவ்வளவுதான்.

அப்போது வெள்ளிக்கிழமை மாலை ஜிம்மில் ஸ்குவாட், சனிக்கிழமை காலை நீண்ட ஏற்றம் என்று வைத்திருந்தேன். வார இறுதியில்தான் நேரம் கிடைக்கும் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. பல் கணக்கில் முன் பல்சக்கரங்கள் 50, 34, பின்னால் 11 முதல் 28 வரை. அதாவது எனக்கு இருந்த மிக இலகுவான கடைசி கியர் 34-க்கு 28. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் இந்த கியரில் மணிக்கு 9 கிலோமீட்டர் போகலாம். செங்குத்தான இடத்தில் நான் போனது 7. அப்படியென்றால் 46 சுற்று. அதை மிதிப்பது என்றே சொல்ல முடியாது. முந்தின நாள் ஜிம்மில் விட்ட ஸ்குவாட்டை ஒற்றைக் காலில் மாற்றி மாற்றித் தொடர்வது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்ததில் கட்டைவிரல் மரத்துப்போனது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஒரு பெரியவர் என்னைத் தாண்டினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இரும்பு ஃபிரேம், பிய்ந்துபோன ஹேண்டில் டேப்பின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. கால் மட்டும் தையல் மெஷின் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்ததும் என் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, பின்னாடி எத்தனை பல்லு?”

“28ங்க.”

“நமக்கு 34. வயசாயிடுச்சில்ல.”

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதம் நானும் 11-34 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போட்டேன். அதை மட்டும் மாற்றினால் போதாது, கவனியுங்கள். என்னிடம் இருந்த பின் டிரெயிலியர் (செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் கருவி) குட்டைக் கேஜ் வகை, அதாவது செயினை இறுக்கிப் பிடிக்கும் கை குட்டை, 34 பல்லை எட்டாது. நீண்ட கேஜ் உள்ளதும் கூடுதல் நீளச் செயினும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. அப்படியும் சக்கரத்துக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான். இப்போது அதே 7 கிலோமீட்டர் வேகத்தில் 56 சுற்று வருகிறது. சமதளத்தில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடிவிட்டது உண்மைதான், சில சமயம் எதிலும் கால் ஒத்துவராது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

* * *

நான் ஓடுகிறவன். முழங்கால் தேறட்டும் என்று சைக்கிளுக்கு வந்தேன், வந்த இடத்தில் குதிகால் தசைநாரைக் கெடுத்துக்கொண்டேன்.

செவ்வாய் சைக்கிள் ஓட்டினால் புதன் ஓட்டத்தில் கெண்டைக்கால் இழுக்கும். ஷூவை மாற்றினேன், ஸ்ட்ரெச்சிங் செய்தேன், எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் சைக்கிள் ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: க்ளீட்டை (ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் துண்டு) கிட்டத்தட்ட விரலுக்கு அடியிலேயே மாட்டியிருக்கிறேன். க்ளீட் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவுக்குக் கணுக்காலைத் தாங்க கெண்டைத்தசை உழைக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் குதிகாலைத் தூக்கி நிற்பது மாதிரி. 6 மி.மீ. பின்னால் தள்ளினேன். இருக்கையையும் ஒரு துளி இறக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கால் எட்டாதது போல இருந்தது. மூன்று வாரத்தில் இழுப்பு நின்றது.

இன்னொரு பாடம் இதைவிட வெட்கக்கேடு. நான்கு மாதம் சைக்கிள் மட்டும் ஓட்டிவிட்டு ஒருநாள் நேராக 10 கிலோமீட்டர் ஓடப் போனேன். மூச்சு கொஞ்சமும் வாங்கவில்லை. இதயமும் நுரையீரலும் அவ்வளவு தயாராக இருந்தன. எலும்புக்கும் தசைநாருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து, பின்பக்கமாக இறங்கினேன். இப்போது சைக்கிள் எவ்வளவு ஓட்டினாலும் வாரத்தில் இரண்டு முறை 20 நிமிடமாவது ஓடிவிடுவேன், தரையின் அடியைக் கால் மறக்கக் கூடாது என்பதற்காக.

அப்புறம், பெடல் விஷயத்தில் நான் இரண்டு போல்ட் க்ளீட் கட்சி. நடக்க முடிகிற ஷூ இருந்தால் பாதி தூரம் சைக்கிள், பாதி தூரம் நடை என்று போகலாம். மூன்று போல்ட் க்ளீட்டில் நடந்தால் பிளாஸ்டிக் தேய்வதைப் பார்த்துப் பார்த்தே வயிறு எரியும்.

* * *

கார்பன் சக்கரத்தை அவ்வளவு திட்ட வேண்டாம். நான் ஓட்டுவது முழுக்கச் சமதளம், எதிர்காற்று. இங்கே எடை ஒரு பொருட்டே இல்லை, காற்றுதான் எல்லாம். காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 30-லிருந்து 33-க்குப் போக வேகம் பத்து சதவீதம்தான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உயரமான விளிம்புள்ள கார்பன் சக்கரம் கொஞ்சம் உதவத்தான் செய்கிறது.

ஆனால் காற்றைத் தடுப்பதில் பெரும் பங்கு நம் உடம்புதான். இதைப் படித்துவிட்டு நான் செய்த காரியம்: ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) அடியில் இருந்த ஸ்பேசர் வளையங்களையெல்லாம் மேலே மாற்றி ஹேண்டில்பாரை முழுக்க இறக்கினேன். வேகம் வந்தது. கூடவே கழுத்துப் பிடிப்பும் வந்தது. நான் வாரத்தில் மூன்று நாள் நீந்துகிறேன். ஃப்ரீஸ்டைலில் மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போது வலது தோளில் சுரீர் என்றது. பயிற்சியாளர் நீச்சல் முறையைத்தான் குறை சொன்னார், நானும் இரண்டு மாதம் அதையே திருத்திக்கொண்டிருந்தேன். நீச்சலுக்கு முந்தின நாள் சைக்கிளில் மூன்று மணி நேரம் தலையை அண்ணாந்து சாலையைப் பார்த்துக்கொண்டே கைகளில் தொங்கியது இருவருக்கும் தோன்றவில்லை. 10 மி.மீ. ஸ்பேசர் இரண்டைத் திரும்பக் கீழே போட்டேன், வலி போனது. நல்ல வேளையாக ஸ்டெம் மாட்டியிருக்கும் ஸ்டீயரர் குழாயை அதற்குள் வெட்டவில்லை. அளவு பிடித்திருக்கிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டு வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது.

* * *

சின்ன அனுபவம். டெட்லிஃப்ட் மறுநாள் இடுப்பு ஏற்கெனவே இறுகியிருக்கும். 23 மி.மீ. டயரில் 110 பிஎஸ்ஐ காற்றோடு போனால் சாலையின் ஒவ்வொரு சொறியும் முதுகெலும்பில் கேட்கும். 28-க்கு மாறலாம் என்று வாங்கி வந்து மாட்டினால் பிரேக்கின் அடியில் உரசுகிறது. என் பழைய ரிம் பிரேக் ஃபிரேமில் 25-தான் உள்ளே போகும். வாங்கும் முன் இடைவெளியை அளந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இப்போது 25-இல் 85 பிஎஸ்ஐ, என் எடை 68 கிலோ. இடுப்பு நன்றி சொல்கிறது. டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி இல்லாத புது வகை ரிம் வைத்திருப்பவர்கள் உச்ச வரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, என்பதை மறக்காமல் காற்றடியுங்கள்.

* * *

முதலில் எழுதியவருக்கு: கேசட் மாற்றியது சரி. ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்குவாட்டை என்ன செய்தீர்கள்?

நான் பளு தூக்குவதிலிருந்து சைக்கிளுக்கு வந்தவள். இரண்டையும் சேர்த்தால் ஒன்று கெடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக்குத்தான் போய்ச் சேரும். 10 வாரம் வலுப்பயிற்சி, தாங்குதிறன் பயிற்சி இரண்டையும் கடுமையாகச் செய்தவர்களுக்கு முதல் ஏழு வாரம் வலு ஏறியது, பிறகு நின்று, கடைசி இரண்டு வாரம் இறங்கியது. தாங்குதிறன் மட்டும் குறையவே இல்லை. அதாவது அடி வாங்கியது பளு தூக்கும் பக்கம். அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் தூக்கி, ஆறு நாள் தாங்குதிறன் பயிற்சியும் செய்தார்கள் என்பதையும் பாருங்கள். நம்மில் யார் அப்படிச் செய்கிறோம்?

எனக்கு ஒத்துவந்தது இதுதான். கடினமான சைக்கிள் ஓட்டமும் கால் பயிற்சியும் ஒரே நாளில், காலையில் சைக்கிள், மாலையில் ஜிம். மறுநாள் மெதுவான சுற்றோ ஓய்வோ. முன்பு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று பிரித்தபோது வாரம் முழுக்கக் கால் அரைச் சோர்விலேயே இருந்தது. தசை வலி ஒருநாள், இரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அதனால் நடுவில் விட்ட ஒரு நாள் எதற்கும் போதவில்லை.

இன்னொன்று. சோர்ந்த காலோடு போகும்போது இதயத்துடிப்பை நம்பாதீர்கள். ஒரு முறை உயிரைக் கொடுத்து மிதிக்கிறேன், கடிகாரம் 128 காட்டுகிறது. வழக்கமாக அதே உழைப்புக்கு 145 இருக்கும். துடிப்பை அளக்க மார்பில் கட்டிய பட்டை நழுவிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை இறங்கிச் சரிசெய்தேன். பட்டையில் கோளாறே இல்லை. கால் தசை அதற்கு மேல் கொடுக்க மறுக்கிறது, இதயத்துக்கு வேலை வைக்கவே இல்லை. அன்று திரும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, வழக்கம் போல.

ஜிம்மை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்குவதால் எலும்புக்குப் பளு கிடைப்பதில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதுண்டு. எனவே குறையுங்கள், விட வேண்டாம்.

* * *

முதலில் எழுதியவன்தான். ஸ்குவாட் இப்போது செவ்வாய் மாலைக்குப் போய்விட்டது. அன்று காலையிலேயே சைக்கிளில் இன்டர்வெல் (வேகமாக, மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓட்டும் பயிற்சி) முடித்துவிடுவேன். புதன்கிழமை படிக்கட்டு கொடுமைதான். சனிக்கிழமைக்குள் கால் திரும்பிவிடுகிறது. க்ளீட்டையும் கவிழ்த்துப் பார்த்தேன். நல்ல வேளை, சரியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பெரியவரை அதே ஏற்றத்தில் பார்த்தேன். இந்த முறை கொஞ்ச தூரம் கூடவே போக முடிந்தது. பேச்சுவாக்கில் ஜிம்முக்கும் போகிறேன் என்றேன். அவரும் வாரத்தில் இரண்டு நாள் போகிறாராம்.

“கால் பயிற்சி எந்த நாள் வெச்சிருக்கீங்க?”

“நேத்துதான் தம்பி” என்றார். பின் சக்கரத்தைப் பார்த்தேன், கேசட் புதுசு. எண்ணிப் பார்க்க முடியவில்லை, அவரே சொன்னார். இப்போது 36.