பிரான்ஸ் போகிறோம், எட்டாம் வகுப்புப் பையனோடு: எந்த விசா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் கணக்கு டீச்சர்

என் கணவருக்கு அவருடைய நிறுவனத்தின் லியோன் கிளையில் வேலை உறுதியாகியிருக்கிறது. செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். மூத்தவன் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். சின்னவளுக்கு ஆறு வயது. மனிதவளப் பிரிவினர் மூன்று வழிகளைச் சொல்லிவிட்டு, "வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்" என்கிறார்கள். ஏதோ புடவைக்கு நிறம் கேட்பதுபோல!

முதலாவது சாதாரண ஊழியர் விசா. அதில் அவர் மட்டும் முன்னால் போவார். 18 மாதம் அங்கே வசித்த பிறகுதான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கவே முடியும். முடிவுக்கு அதன்பின் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். மாமியாருக்கு இதுதான் பிடித்திருக்கிறது: "அவன் போய் வீடு வாசல் பார்க்கட்டும், நீங்கள் மெதுவாகப் போகலாம்." எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பா என்பவர் சிங்கப்பூரிலிருந்து பேசும் குரல். எனக்கு அது வேண்டாம்.

மற்ற இரண்டில் குடும்பமாகவே போகலாம். ஐ.சி.டி. என்னும் பணிமாற்ற அனுமதி அதிகபட்சம் 3 ஆண்டு. திறமையாளர்களுக்கான 'தலான்' அனுமதி 4 ஆண்டு வரை, புதுப்பிக்கலாம். எதைக் கேட்பது? நானும் வேலைக்குப் போக விரும்புகிறேன்.

பதில்: முத்தியால்பேட்டை

விசாவுக்கு முன் ஒன்று கேட்கிறேன், சகோதரி. உங்கள் வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் புதுச்சேரியா, காரைக்காலா? 1962 ஆகஸ்ட் 16 அன்று, பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. அவருடைய தாத்தா அப்படி எழுதிக்கொடுத்தவர் என்றால் கதையே வேறு, உங்கள் வீட்டுக்காரரே பிரெஞ்சுக் குடிமகனாக இருக்கலாம். சொல்தா வீட்டு (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டு) பிள்ளைகள் பலர் பெட்டியைக் கிளறிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பதில்: லியோன் வாசி, ஊர் நெல்லிக்குப்பம்

அக்கா, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேலை ஒப்பந்தம் யாரோடு? இந்தியாவிலுள்ள நிறுவனத்தின் ஊழியராகவே நீடித்து, பிரான்சுக்கு அனுப்பிவைக்கப்படுபவர் என்றால் ஐ.சி.டி. பிரெஞ்சுக் கிளையோடு தனி ஒப்பந்தம் போட்டு, சம்பளமும் வரம்பைத் தாண்டினால் தலான். ஆக, இது விசா அலுவலகத்தில் முடிவாகும் விஷயம் அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பேசி வாங்க வேண்டியது. பின்னால் புலம்பிப் பயனில்லை.

இரண்டிலும் மனைவி வேலை செய்யலாம், தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியர் என்றால் போட்டித் தேர்வு, குடியுரிமை என்று தடைகள் உண்டு. ஒப்பந்த ஆசிரியராக முயலலாம், அதற்கும் பிரெஞ்சு வேண்டும். இன்றே புதுச்சேரி சுஃப்ரன் வீதியில் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் சேருங்கள். மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் தனி வகுப்பு இருக்கிறது, அவன் பிழைத்துக்கொள்வான்.

இன்னொன்று. 18 வயதுவரை பிள்ளைகளுக்கு வசிப்பு அட்டை தேவையில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்ப, சிறாருக்கான பயண ஆவணம் வேண்டும். போனவுடன் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பதில்: மஞ்சக்குப்பம்

நான் ஐ.சி.டி. பக்கம். மூன்று ஆண்டில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு திரும்பினால் பையன் பிளஸ் ஒன்னில் சேர்ந்துவிடுவான். ஏன் வேரோடு பிடுங்க வேண்டும்?

பதில்: திருப்பாதிரிப்புலியூர் கணக்கு டீச்சர்

ஐயா, கணக்கு இடிக்கிறது. இந்த ஏப்ரலில் எட்டு முடித்தவன் மூன்று ஆண்டு கழித்து வந்தால், கூடப் படித்தவர்கள் பிளஸ் ஒன் முடித்து பிளஸ் டூவில் உட்கார்ந்திருப்பார்கள். இவன் கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் இருக்காது. அங்கேயோ, பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியாவை எழுதும் முன்பே அனுமதி முடிந்துவிடும். இரண்டு பக்கமும் நடுவழி. சின்னவளுக்கு எதுவானாலும் சரி, அவள் எங்கும் ஒட்டிக்கொள்வாள். முடிவைத் தீர்மானிப்பது மூத்தவனின் வயதுதான்.

முத்தியால்பேட்டைக்காரருக்கு: தாத்தா கடலூர் முதுநகரில் உப்பு வியாபாரம் செய்தவர். வெள்ளைக்காரன் ஆட்சிதான், ஆனால் வேறு வெள்ளைக்காரன்!

தலான் ஒப்பந்தம் கேட்கச் சொல்லிவிட்டேன். இப்போது புதுச் சிக்கல். மகன் பிறந்தது புதுச்சேரி மருத்துவமனையில். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், எங்கள் பெயர்கள் இருக்கின்றன, "ஆண்" என்று இருக்கிறது, குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் இருக்கும்போது இது போதாதா?

பதில்: முத்தியால்பேட்டை

போதாது. குடும்ப விசாவுக்குப் பெற்றோர் யார், பிள்ளை யார் என்று காட்டுவது அந்தத் தாள்தான். பிறப்பைப் பதிவு செய்த நகராட்சியிலேயே பெயர் சேர்க்க வேண்டும். கடலூரில் கேட்டு அலையாதீர்கள். பதிந்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம், உங்களுக்கு அவகாசம் கொஞ்சம்தான். அதன்பின் புதுச்சேரி அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான சான்று முத்திரை), கடைசியாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. இந்த வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்துதான்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிக்கொடுங்கள். முதலெழுத்தா, அப்பா பெயர் முழுமையாகவா என்பதில் எழுத்துகூட மாறக் கூடாது. மகளின் சான்றிதழையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.