ரெயில்டூர் – 'ரயிலுலா' எனலாமா?

நண்பர்களே,

ரெயில்டூர் (railtour), எக்ஸ்கர்ஷன் (excursion) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் 'சுற்றுலா ரயில்' என்ற ஒரே சொல் போதும் என்று நேற்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் வேறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எக்ஸ்கர்ஷன் என்றால், சலுகைக் கட்டணத்தில் பிளாக்பூல், ஸ்கார்பரோ போன்ற கடற்கரைகளுக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போன வண்டி. கடல்தான் அங்கே முக்கியம். அதற்குச் 'சுற்றுலா ரயில்' பொருத்தம், சரி.

ரெயில்டூர் அப்படியல்ல. ரயில் ஆர்வலர் சங்கங்கள் தனி வண்டி அமர்த்தி, மூடப்படவிருந்த கிளைப்பாதைகளிலும் சரக்கு மட்டுமே போன தடங்களிலும் போய்வந்தன. சில பயணங்களில் சரக்கு வண்டியின் கார்டு பெட்டியில்தான் ஆட்கள் போனார்கள்.

1968 ஆகஸ்ட் 11 பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கம் எதுவுமல்ல, பிரிட்டிஷ் ரயில்வேயே நீராவி எஞ்சின்களுக்கு விடைகொடுக்க ஓட்டிய வண்டி அது. லிவர்பூலில் கிளம்பி, மான்செஸ்டர் வழியாகக் கார்லைல் போய், திரும்ப லிவர்பூலுக்கே வந்தது. கட்டணம் 15 கினி, அதாவது 15 பவுண்டு 15 ஷில்லிங். கார்லைல் நகரைப் பார்க்கவா யாராவது அவ்வளவு கொடுப்பார்கள்? மான்செஸ்டரிலிருந்து கார்லைல் வரை இழுத்தது 'ஆலிவர் க்ராம்வெல்' என்ற நீராவி எஞ்சின், எண் 70013. கடல்மட்டத்துக்கு 1,169 அடி மேலே, ஏய்ஸ்கில் மேட்டில் வண்டி நின்றதும் பயணிகள் இறங்கி, தண்டவாளத்திலேயே எஞ்சினைச் சூழ்ந்துகொண்டு படமெடுத்தார்கள். வழியெங்கும் பாதையோரத்தில் கூட்டம். மறுநாள் முதல் நீராவிக்குத் தடை.

அந்தக் கூட்டத்தை நினைத்தபோதுதான் 'உலா' என்ற சொல் வந்து நின்றது. நம் உலா நூல்களில் தலைவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று யாரும் தேடுவதில்லை. அவன் வீதியில் வருவதும், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்த்து நிற்பதும்தான் பாட்டு. ரெயில்டூரும் அதேதான். ஆகவே 'ரயிலுலா'.

சுற்றுலாவிலும் உலா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் இன்றைய வழக்கில் அது ஊர் பார்ப்பதாகிவிட்டது. 'நீராவியுலா' என்றும் யோசித்தேன். டீசல் எஞ்சின் இழுக்கும் ரெயில்டூர்களும் உண்டு என்பதால் விட்டுவிட்டேன். தேவைப்படும் இடத்தில் 'நீராவி ரயிலுலா' என்று அடைகொடுத்துக்கொள்ளலாம். தொடருந்து என்று எழுதும் இலங்கை நண்பர்களுக்குத் 'தொடருந்துலா' என்றே புணரும். காதுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம், ஏய்ஸ்கில்லில் நின்றது போல் படமெடுக்கவென்றே நிறுத்துவதற்குப் 'படநிறுத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.