பிஎச்பி: தமிழ்ப் பெயரின் முதல் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி வருகிறது, அவசரம்

மதி_வலை:
பயனரின் படம் இல்லாவிட்டால் பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்ட வேண்டும். பிஎச்பி நிரலில் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே 0 கொடுத்தேன். ஆங்கிலப் பெயருக்குச் சரியாக வருகிறது, தமிழுக்குக் கேள்விக்குறிதான். நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

குமிழ்:
எந்த வெர்ஷன்? எந்தப் பெயரில் பார்த்தீர்கள்?

வைகை_டெவ்:
டேட்டாபேஸ்தான் காரணம். டேபிள் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். எனக்கு எப்போதும் அங்கேதான் மாட்டும்.

குமிழ்:
முழுப் பெயர் ஒழுங்காகத் தெரிகிறதா? தெரிந்தால் டேட்டாபேஸில் குறை இருக்காது.

மதி_வலை:
தெரிகிறது. பெயர் 'கீதா'. பிஎச்பி 7.4.

பழைய_கை:
கையேட்டில் ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) பக்கத்திலேயே இருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் தளம் கட்ட வந்துவிடுகிறீர்கள். பிஎச்பியில் ஸ்டிரிங் என்பது வெறும் பைட் வரிசை. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'க'வுக்கு 3 பைட். நீங்கள் முதல் பைட்டை மட்டும் பிய்த்து எடுக்கிறீர்கள். பைட்டாக இல்லாமல் குறியீடாக எண்ணி வெட்டும் எம்பி_சப்ஸ்டர் போடுங்கள்.

வைகை_டெவ்:
சதுரத்துக்குப் பதில் நெளிவு அடைப்புக்குறி போட்டுப் பாருங்களேன். எங்கள் பழைய நிரல் முழுக்க அப்படித்தான்.

பழைய_கை:
இரண்டும் ஒரே பைட்டைத்தான் தரும். நெளிவை 7.4-இலேயே எச்சரித்து, 8.0-இல் எடுத்தே விட்டார்கள்.

வைகை_டெவ்:
ஓடுகிற நிரலை ஏன் உடைக்க வேண்டும்? இது அரே (பட்டியல்) இல்லை, ஸ்டிரிங் என்று பார்த்தவுடனே தெரியும்.

பழைய_கை:
அரேவுக்கும் அதே நெளிவு வேலை செய்ததே, அப்புறம் எப்படித் தெரியும்?

குமிழ்:
அதைத் தனி இழையில் பேசுங்கள். மதி, எம்பி_சப்ஸ்டரில் 'க' மட்டும்தான் வரும். 'கீ' என்பது க, ஈகாரக் குறி என 2 குறியீடுகள், மொத்தம் 6 பைட். அகரவரிசைத் தலைப்புக்கு 'க' போதும், ஆனால் கீதாவின் வட்டத்தில் 'க' என்று போடக் கூடாது. பிஎச்பியின் இன்டிஎல் நீட்சி இருந்தால், குறியோடு சேர்ந்த முழு எழுத்தாக வெட்டும் கிராஃபீம்_சப்ஸ்டர், 0, 1. இல்லையென்றால் வடிவம் கொடுத்துத் தேடும் பிரெக்_மேட்ச்சில் பேக்ஸ்லாஷ், பெரிய எக்ஸ், கடைசியில் சின்ன யு. அந்த யு விட்டுப்போனால் மறுபடி பைட்தான் வரும். இன்னொன்று: 'ஸ்ரீதர்' என்று ஒருவர் இருந்தால் இரண்டு வழியிலும் 'ஸ்' மட்டும் வரும். 'ஸ்ரீ'யில் தொடங்குகிறதா என்று முதலில் தனியாகப் பாருங்கள்.

மதி_வலை:
சர்வரில் இன்டிஎல் இல்லை. எக்ஸ் போட்டேன், 'கீ' வந்துவிட்டது. நன்றி.

குமிழ்:
சரி. 'ஸ்ரீ' பார்த்தீர்களா?