ஆன்லைன் செஸ் வகை ஆட்டப் போட்டி: எந்த நான்கை வைக்கலாம்?

கோபி64 கேட்கிறார்:

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்களுடையது ஒரு சின்ன செஸ் குழு. கோடை விடுமுறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை மாலை, லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் வகை ஆட்டப் போட்டி (விதியை மாற்றி ஆடும் செஸ் வகைகள்) வைக்கப்போகிறோம். வாரம் ஓர் ஆட்டம். 18 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சின்னவனுக்கு 9 வயது, மூத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர், வயது 67. முக்கால்வாசிப் பேருக்கு செல்போன்தான் பலகை.

போன வருசம் ஓட்டெடுப்பு வைத்து ஆன்டிசெஸ் (தன் காயையெல்லாம் முதலில் இழப்பவருக்கே வெற்றி), அட்டாமிக், க்ரேஸிஹவுஸ், ரேஸிங் கிங்ஸ் எடுத்தோம். மூன்றாம் வாரம் பாதிப்பேரைக் காணோம். கடைசி வாரம் 7 பேர்தான். ஆன்டிசெஸ்ஸில் ஒரு கல்லூரிப் பையன் எல்லோரையும் ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பிவைத்தான். தபால்கார ஐயா, "இது ஆட்டமே இல்லை, மனப்பாடம்" என்று கிளம்பிவிட்டார். அரீனா முறையில் வைத்ததால் பையன்கள் 14 ஆட்டம் ஆடியபோது ஐயா ஆடியது 4.

இந்த முறை எதை எடுப்பது, எதை விடுவது?

ஈரோடு குதிரைக்காரன்:

ஓட்டெடுப்பில்தானுங்க கோளாறே. ஓட்டுப் போடுகிறவர் தான் ஜெயிக்கிற ஆட்டத்துக்குத்தான் போடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: புதிதாக ஆடுகிறவர் எப்படித் தோற்கிறார்? தோற்ற பிறகு "அட, அங்கே விட்டுட்டேன்" என்று அவருக்கே தெரிந்தால் அடுத்த வாரமும் வருவார். என்ன நடந்தது என்றே புரியாவிட்டால் வரமாட்டார்.

அட்டாமிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காயை வெட்டினால் வெட்டிய காயும் வெட்டுப்பட்ட காயும் சேர்ந்து வெடிக்கும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் சிப்பாய் தவிர எல்லாம் போய்விடும். வெள்ளைக் காய் ஆடுகிறவர் ராஜா பக்கத்துக் குதிரையை எடுத்து, இரண்டாம் தாவலில் நடுப்பலகைக்கு வந்து, மூன்றாம் தாவலில் கருப்பு ராஜாவுக்குக் குறுக்காக முன்னால் நிற்கும் சிப்பாயை வெட்டினால், பக்கத்தில் இருக்கும் ராஜாவும் வெடித்துவிடும். செக் கூட வைக்காமல் மூன்றே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது! தெரிந்தவருக்கு அதைத் தடுப்பது சுலபம். தெரியாதவருக்கு, தீபாவளிக்கு ஊருக்கு வந்த ஒரம்பரையின் காலடியில் சரவெடி போட்ட மாதிரி.

ஆன்டிசெஸ் கதை இன்னும் மோசம். அந்தப் பையன் செய்தது ஏமாற்று இல்லை. 2016இல் மார்க் வாட்கின்ஸ் என்பவர் கணினியை வைத்து அதைத் தீர்த்தே விட்டார். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை வெள்ளை முதலில் ஒரு கட்டம் நகர்த்தினால் வெள்ளைக்குத்தான் வெற்றி. கருப்பு என்ன ஆடினாலும் சரி. முழுக் கணக்கை மனிதரால் மனப்பாடம் செய்ய முடியாது. ஆனால் நம்மைப் போன்றவர்கள் செய்யும் தப்புக்கு அதில் பத்து வரி தெரிந்தால் போதும். இன்னொரு வேடிக்கை: பழக்கதோசத்தில் அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் வெள்ளைக்குத் தோல்வி. ஒரு கட்டம் வெற்றி, இரண்டு கட்டம் தோல்வி. ஐயா சொன்னது சரிதான்.

பொள்ளாச்சி கணக்கு:

முதல் வாரத்துக்குச் செஸ்960 வையுங்கள். 1996இல் பாபி ஃபிஷர் அறிவித்தது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப் போடுவார்கள்; சிப்பாயெல்லாம் பழைய இடத்தில்தான். மனப்பாடக்காரருக்கும் உங்கள் ஐயாவுக்கும் அங்கே ஒரே நிலைமை. காய்கள் நகரும் விதம் மாறாததால் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவும் ஒன்றுமில்லை.

960 எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு மந்திரியும் வெவ்வேறு நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும்: 4 பெருக்கல் 4, ஆக 16. மீதி ஆறு கட்டத்தில் ராணிக்கு 6 வழி. அப்புறம் உள்ள ஐந்தில் இரண்டு குதிரைக்கு 10 வழி. கடைசி மூன்றில் யானை, ராஜா, யானை என்று ஒரே வழிதான், ஏனென்றால் ராஜா இரண்டு யானைக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். பெருக்கினால் 960. என் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு இதை வைத்தே ஒரு பாடவேளை ஓட்டியிருக்கிறேன்.

உடுமலை வடக்கு:

செய்ரவான் செஸ் ஆடிப் பாருங்களேன். பைசெஸ் தளத்தில் இருக்கிறது. ராணிக்கு நிகரான இரண்டு புதுக் காய்கள். அருமையான ஆட்டம்.

ஈரோடு குதிரைக்காரன்:

அருமைதான். ஆனால் அதில் யானையும் குதிரையும் சேர்ந்த மாதிரி நகரும் காய்க்குப் பெயரே 'யானை'. மூலையில் நிற்பதை யானை என்று சொல்லி வளர்ந்த பிள்ளையிடம் "அது யானை இல்லை, இதுதான் யானை" என்றால் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். எங்கள் குழுவில் பட்டாச்சுங்க.

திருப்பூர் பின்னலாடை:

செல்போன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. க்ரேஸிஹவுஸில் வெட்டிய காய் உங்கள் கைக்கு வரும், முறை வரும்போது காலிக் கட்டத்தில் இறக்கலாம் (சிப்பாயை மட்டும் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் இறக்க முடியாது). நல்ல ஆட்டம். ஆனால் சின்னத் திரையில், ஐந்து விநாடி மிச்சம் இருக்கும்போது, கட்டைவிரலால் குதிரையைச் சரியான கட்டத்தில் இறக்கிப் பாருங்கள், தெரியும். கணினியில் ஆடுகிறவர் கை ஓங்கிவிடும். ஒரே ஆட்டத்தில் வந்திறங்குகிற குதிரைகளை அந்தியூர்ச் சந்தையில் கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். வைப்பதென்றால் 10 நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள்.

அரீனாவை விடுங்கள், ஸ்விஸ் வையுங்கள். அரீனாவில் ஆட்டம் முடிந்த உடனே அடுத்தது கிடைக்கும், தொடர் வெற்றிக்கு இரட்டைப் புள்ளி. வேகக்காரனுக்கு அது திருவிழா. ஸ்விஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை ஆட்டம். அதை லிச்செஸில் வைக்க முதலில் ஒரு 'டீம்' தொடங்கி எல்லோரையும் சேர்க்க வேண்டும். 18 பேருக்கு ஐந்து சுற்றுப் போதும்.

கோபி64:

நன்றிங்க. அப்படியென்றால் செஸ்960, த்ரீ செக், கிங் ஆஃப் த ஹில் மூன்றும் எடுத்துக்கொள்கிறேன். மூன்று செக் வைத்தால் வெற்றி, ராஜா நடு நான்கு கட்டத்தில் ஒன்றில் ஏறினால் வெற்றி. இரண்டையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நான்காவதுக்கு ஹோர்ட் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். வெள்ளைக்கு 36 சிப்பாய், ராஜாவே கிடையாது. கருப்புக்கு வழக்கமான படை. இரண்டு பக்கமும் சமமாக இல்லையே, போட்டிக்கு ஆகுமா?

பொள்ளாச்சி கணக்கு:

ஒரே ஆட்டமாக வைத்தால் ஆகாது. ஒரே எதிராளியுடன் நிறம் மாற்றி இரண்டு ஆட்டம் வையுங்கள். ஸ்விஸ்ஸில் அதற்கு வழியில்லை என்பதால் அந்த வாரம் மட்டும் ஜோடியை நீங்களே போட்டு, நேரடிச் சவாலாக ஆடச் சொல்லுங்கள். முடிந்ததும் 'ரீமேட்ச்' அழுத்தினால் நிறம் தானாக மாறும். புள்ளியைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஹோர்டைக் கடைசி வாரம் வைப்பது நல்லது, பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள்.

கோபி64:

முதல் ஞாயிறு முடிந்தது. செஸ்960, ஆளுக்குப் பத்து நிமிடம், நகர்த்தலுக்கு ஐந்து விநாடி கூடுதல். 17 பேர் வந்தார்கள். ஒற்றைப்படை ஆனதால் சுற்றுக்கு ஒருவருக்கு ஓய்வு.

ஒரே சிக்கல், கோட்டை கட்டுவதில். ராஜாவை இரண்டு கட்டம் தள்ளினால் வெறும் நகர்த்தலாகப் போகிறது, இல்லையென்றால் போகவே மாட்டேன் என்கிறது. நாலு பேர் போன் செய்துவிட்டார்கள்.

திருப்பூர் பின்னலாடை:

ராஜாவை இழுத்துக் கொண்டுபோய் உங்கள் சொந்த யானை மேலேயே வையுங்கள். அவ்வளவுதான். முடிந்த பிறகு ராஜாவும் யானையும் வழக்கமான செஸ்ஸில் நிற்கிற அதே கட்டங்களில் போய் நிற்கும், எங்கிருந்து கிளம்பினாலும் சரி.

கோபி64:

வேலை செய்கிறது! ஐயாவுக்கு வாட்ஸாப்பில் படம் போட்டு அனுப்பிவிட்டேன். "எங்கள் காலத்தில் திண்ணையில் ஆடும்போது கோட்டையும் இல்லை, சிப்பாய்க்கு இரண்டு கட்டமும் இல்லை, ராஜாவுக்கு ஒரே ஒரு தரம் குதிரைத் தாவல் உண்டு, அதை ஏன் வைக்கவில்லை" என்று திருப்பிக் கேட்கிறார். அதை ஆன்லைனில் எங்கே ஆடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.