கிளை நூலகக் கணினிப் பிரிவு: எப்படி அளப்பது, எதை முதலில் சரிசெய்வது?

வாசல்திண்ணை:

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில் கேட்கிறேன். கணினிப் பிரிவில் 6 மேசைக் கணினிகள் உள்ளன. எல்லாம் இன்டெல் ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. இரண்டு ஆன் ஆவதே இல்லை. ஒரு இன்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது, எப்போது கேட்டாலும் இங்க் காய்ந்துவிட்டது என்பார்கள். 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருந்தும் "நெட் ஸ்லோ" என்பதுதான் தினசரிப் புகார்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அடுத்தபடி ஆதார், பட்டா வேலையாக வரும் பெரியவர்கள். மாவட்ட நூலக அலுவலரிடமும் புரவலர்களிடமும் கோரிக்கை வைக்கப்போகிறோம். "10 புதுக் கணினி வேண்டும்" என்று எழுதிவிடலாம் என்கிறார்கள் வட்டத்தில் சிலர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இப்போது இருப்பதை எப்படி மதிப்பிடுவது? எதற்கு முதலில் பணம் போடுவது?

அடுக்கெண்:

உங்கள் தயக்கம் நியாயமானது. எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை விடுங்கள். வந்த வேலை முடிந்ததா என்று எண்ணுங்கள். நூலகத்தின் கணினிப் பதிவேட்டில் பெயர், நேரம், கையெழுத்து இருக்கும். பாதியில் எழுந்து போனவரும் அதில் பயனாளிதான். இடம் இல்லாமல் வாசலோடு திரும்பியவர் அதில் வரவே மாட்டார்.

இரண்டு வாரம் எண்ணினால் போதும், எந்த வாரம் என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்று சாதாரண வாரம். இன்னொன்று ஏதாவது ஒரு தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி விழும் வாரம். பெயர் கேட்காதீர்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம்: வந்த மணி, என்ன வேலை, முடிந்ததா, முடியாவிட்டால் ஏன், ஆணா பெண்ணா. "ஏன்" கட்டத்துக்கு ஒற்றை எழுத்துக் குறி வைத்துக்கொண்டால் நூலகருக்குச் சுமை இருக்காது: க என்றால் கணினிப் பழுது, இ இணையம், இ-யிலிருந்து ஓடிபியைப் பிரித்து ஓ, கா காத்திருக்க முடியவில்லை, அ அச்சு அல்லது ஸ்கேன், உ உதவ ஆள் இல்லை.

ஓடிபியைத் தனியாகப் பிரிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கான்கிரீட் கட்டடத்தின் உள்ளறையில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். புகார் மட்டும் "நெட் ஸ்லோ" என்று பதிவாகும். எத்தனை கணினி வாங்கினாலும் இது தீராது, ஒரு மேசையை ஜன்னல் ஓரம் நகர்த்தினால் தீர்ந்துவிடும். ஆதாரோடு இணைத்த கைபேசியை வீட்டில் மகனிடம் விட்டுவிட்டு வரும் பெரியவர்களும் ஓ-வில்தான் விழுவார்கள். "ஆதார் வேலைக்கு அதே எண் உள்ள கைபேசியைக் கொண்டு வரவும்" என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.

உ என்ற குறி விழும் இடங்களைக் கவனமாகப் படியுங்கள். விண்ணப்பத் தளங்கள் புகைப்படத்தையும் கையொப்பத்தையும் சில பத்து கேபிக்குள் கேட்கும். கைபேசியில் எடுத்த படம் 3, 4 எம்பி இருக்கும். படத்தைச் சுருக்கத் தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். இதற்கு ஒரு பக்கக் குறிப்புத் தாள் எழுதி ஒவ்வொரு திரைக்குப் பக்கத்திலும் வையுங்கள்.

சராசரியை நம்பாதீர்கள். நான்கு கணினி, 8 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 32 கணினி-மணி. அதில் 12 மணிதான் பயன்பட்டது என்றால் 37.5 சதவீதம். "பாதிகூடப் பயன்படவில்லையே, எதற்குப் புதுசு?" என்று கோப்பு திரும்பி வரும். அந்த 12-இல் எட்டு, மாலை 5 முதல் 7 வரைக்குள் வந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரமும் நான்கு இருக்கையும் நிரம்பி, வெளியே வரிசை நின்றிருக்கிறது. மணிவாரியாகவே அட்டவணை கொடுங்கள். பெண்கள் எண்ணிக்கை எந்த மணிக்குப் பிறகு குறைகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் விளக்கு, இருக்கை, யார் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் நேரில் போய்ப் பாருங்கள்.

செம்புக்கம்பி:

மேலே சொன்ன கணக்கெடுப்பு நடக்கும்போதே பழுதுகளைப் பார்க்கத் தொடங்கலாம். விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. தளங்கள் சரியாகத் திறக்காததற்கு அது ஒரு காரணம். விண்டோஸ் 10-க்குத் தாவுவதிலும் பயனில்லை, அதன் இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்தது. 11-க்கு இன்டெலில் குறைந்தது எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும், உங்களுடையவை மூன்றாம் தலைமுறை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு இவற்றில் நன்றாக ஓடும். 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு மேம்படுத்தல் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் வாங்க வேண்டியவை: ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று (டிடிஆர்4 இந்த ஸ்லாட்டில் உட்காராது), சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று. கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்க வேண்டாம். அது தீர்ந்தால், மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் கணினியின் தேதி பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி எச்சரித்து எந்த அரசுத் தளத்தையும் திறக்காது. அதையும் "நெட் இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஆன் ஆகாத இரண்டையும் கழித்துவிடும் முன் ரேமைக் கழற்றி, அதன் தங்க முனையை ரப்பரால் துடைத்து மாட்டிப் பாருங்கள். பிறகு, ஓடுகிற ஒன்றின் எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டி) மாற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கும் எழாவிட்டால்தான் மதர்போர்டு.

இணையத்துக்கு ஒரு கணக்கு. ஆறு இருக்கையிலும் காணொளிப் பாடம் ஓடினால் தலைக்கு 3 எம்பிபிஎஸ், 18. கூடவே 15 கைபேசிகள் தலைக்கு 1 என்றால் 15. மொத்தம் 33 எம்பிபிஎஸ். உங்கள் 50 போதும். காலை திறந்தவுடனும் மாலை 6 மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்கள், முதலில் ரூட்டரில் கேபிள் செருகி, பிறகு வைஃபையில். கேபிளில் 45, வைஃபையில் 5 என்றால் குற்றம் ரூட்டர் இருக்கும் இடத்தில். இரும்பு அலமாரி வரிசைக்குப் பின்னால் வைத்த ரூட்டர் எதற்கும் உதவாது, கூரையை ஒட்டி நடுச்சுவரில் மாட்டுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 என்ற மூன்று சேனலில் ஒன்றை மட்டும் வையுங்கள். மேசைக் கணினிகள் ஆறுக்கும் 8 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்சும் கேபிளும் போட்டுவிட்டால் வைஃபை முழுக்கக் கைபேசிகளுக்கு. கேபிளிலேயே காலை 45, மாலை 10 என்றால் இணைப்புத் தந்தவரிடம் அந்த அளவுகளை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

இன்க்ஜெட்டை விட்டுவிடுங்கள், தினமும் ஓடாத இடத்தில் அதன் மை தெளிக்கும் ஹெட் காயத்தான் செய்யும். ஸ்கேனரோடு வரும் கறுப்பு வெள்ளை லேசர் ஒன்று வாங்குங்கள். அதை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தில் 600 விஏ யுபிஎஸ் விழுந்து, கூட இருக்கும் கணினிகளும் அணையும், விண்ணப்பம் பாதியில் போகும். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் வரும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாங்காவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள்.

எட்டாம்மேசை:

செம்புக்கம்பி சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். ஆறையும் மின்ட்டுக்கு மாற்றாதீர்கள். அலுவலகக் கணினித் தேர்வுகளுக்கு எம்எஸ் ஆபீஸிலேயே பழக வேண்டிய பிள்ளைகள் உண்டு. ஐந்தை மாற்றுங்கள், கோரிக்கையில் ஒரே ஒரு புதிய விண்டோஸ் 11 கணினி கேளுங்கள். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானையும் அதிலேயே நிறுவுங்கள். இலவசம், இஸ்பீக் குரலில் தமிழும் வாசிக்கும். கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தொடங்கும். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று அந்த மேசையிலேயே இருக்கட்டும்.

யாரும் பேசாத ஒன்று அந்தரங்கம். எந்தப் பொதுக் கணினியிலும் டவுன்லோட்ஸ் அடைவைத் திறந்து பாருங்கள், யார் யாருடைய ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கிடக்கும். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான், தெரிந்தவர் திறந்துவிடலாம். மின்ட்டில் லாகின் விண்டோ அமைப்பில் விருந்தினர் அமர்வை இயக்கி, எல்லோரையும் அதிலேயே உட்கார வையுங்கள். வெளியேறியதும் கோப்பு, உலாவி வரலாறு எல்லாம் அழிந்துவிடும். "வெளியேறு"வை அழுத்தாமல் எழுந்து போனால் எதுவும் அழியாது. அடுத்தவர் உட்காரும் முன் நூலகர் வெளியேற்ற வேண்டும். பென் டிரைவில் சேமிக்காத கோப்பு திரும்பாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்த பிள்ளை அழுதுகொண்டு போகும்.

பென் டிரைவுக்கு முன்பக்க யுஎஸ்பி துளை சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வடம் செருகி மேசைமேல் விடுங்கள். தேய்ந்தால் வடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

வாசல்திண்ணை:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. விருந்தினர் அமர்வில் தமிழ்99 விசைப்பலகை ஒவ்வொரு முறையும் அழிந்துவிடாதா? பழைய பாமினி எழுத்துருக் கோப்போடு வருகிறவர்களுக்கு என்ன செய்வது?

எட்டாம்மேசை:

அழியும். ஒரு சாதாரணக் கணக்கில் ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 சேர்த்து, மாற்று விசை வைத்து, உலாவியின் முகப்பையும் அமைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் அமைப்புகள் இருக்கும் மறைந்த கான்ஃபிக் அடைவை (உலாவி ஃபயர்பாக்ஸ் என்றால் மறைந்த மொஸில்லா அடைவு இருந்தால் அதையும்), விருந்தினர் அமர்வு வார்ப்பாக எடுத்துக்கொள்ளும் 'ஸ்கெல்' அடைவுக்குள் நகலெடுங்கள். அதன்பின் ஒவ்வொரு அமர்வும் அந்த அமைப்போடு பிறக்கும். உலாவியில் எதிலும் உள்நுழையாமல் நகலெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்கும்.

பாமினி கோப்பை அச்சிட மட்டும் வேண்டுமென்றால் எழுத்துருவைக் கணினி முழுமைக்கும் நிறுவினால் போதும். விண்ணப்பத்திலோ மின்னஞ்சலிலோ ஒட்ட வேண்டுமென்றால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எதிர்முனையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். மாற்றியபின் கொம்பும் துணைக்காலும் பிரிந்து நிற்கிறதா என்று ஒகர, ஓகாரச் சொற்களைப் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான் விழும்.

அடுக்கெண்:

கோரிக்கைக் கடிதத்தில் பிரிண்ட் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு எவ்வளவு, ரசீது யார் கொடுப்பது, டோனர் எந்தத் தலைப்பில் வாங்குவது என்ற மூன்றுக்கும் எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். அது இல்லாமல் பிரிண்டரை வைத்தால், முதல் டோனர் தீர்ந்த அன்றே உறை போட்டு மூடிவிடுவார்கள்.